கரைவலைக்கு நடுவே ஓர் அளவுநாடா

வவுனியா பஸ்ஸுக்கு நேரம் இருப்பதால் முல்லைத்தீவுக் கடற்கரையில் நிற்கிறேன். கடல் விஞ்ஞானம் படிக்கும் மாணவி தர்சிகா அளவுநாடாவை மணலில் விரித்து, அதன் ஓரமாக நண்டுப் பொந்துகளை எண்ணிக் குறிக்கிறாள். களப்பயிற்சியின் கடைசி நாள். எண்ணுவதற்காக மணலில் வகுத்த சதுரங்களில் இன்னும் மூன்று மீதம். அவளுக்கு இருபுறமும் இரண்டு குழுக்கள் ஒரே கரைவலையை இழுக்கின்றன. வலை கரைக்கு வரவர இரு குழுக்களும் ஒன்றையொன்று நெருங்கவேண்டும். மிதித்தால் பொந்துகள் மூடிவிடும்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வந்து நிற்கிறார். "வலை ஏறுற இடத்திலயோ பிள்ளை நாடா கட்டினனீங்கள்?"

"தெரியாமல் கட்டிப்போட்டன் ஐயா. கொஞ்சம் பொறுப்பீங்களோ?"

"நான் பொறுப்பன். மீன் பொறுக்குமோ?"

ஆனாலும் கையை உயர்த்துகிறார். குழுக்கள் நெருங்காமல் நின்ற இடத்திலேயே இழுக்கின்றன. வலையின் வாய் அகன்றே கிடக்கிறது. மீன் தப்பாமலிருக்க அவர் இடுப்பளவு நீரில் இறங்கி இரு கைகளாலும் தண்ணீரை அடிக்கிறார். தர்சிகா தலை நிமிராமல் எண்ணுகிறாள்.

அவள் நாடாவைச் சுருட்டியதும் குழுக்கள் ஓட்டமாக நெருங்குகின்றன. சம்மாட்டி நனைந்தபடி வந்து அவளுடைய தாளை எட்டிப் பார்க்கிறார்.

"இடையூறு எண்டு ஒரு கட்டம் கிடக்கு. எங்களையோ எழுதப்போறீங்கள்?"

"அதை நீங்கள்தான் எங்களைப் பற்றி நிரப்போணும் ஐயா."

அவர் கடலைப் பார்க்கிறார். "வலை ஏறட்டும். பாத்திட்டுச் சொல்லுறன்."