மெயிலுக்கு அடியில் ஒரு மண்டபம்

வண்டியூர் தெப்பக்குளம் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தினமும் அதைத் தாண்டித்தான் ஆனையூரில் இருக்கும் ஆபீசுக்குப் போகிறேன். குளத்தின் நடுவில் நிற்கும் மண்டபத்தை வரைய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னோடு வேலை பார்க்கிற, டி. கல்லுப்பட்டியிலிருந்து பஸ்சில் வருகிறவனுக்குத் தோன்றியது. இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நாங்கள் பம்புசெட் உதிரிபாகம் விற்கிறவர்கள். ஒருநாள் அவன் தன் மெயிலின் அடியில், பெயருக்கு மேலே, கீபோர்டில் இருக்கும் சாய்கோடு, படுக்கைக்கோடு, புள்ளி இவற்றை மட்டும் வைத்து அந்த மண்டபத்தைக் கட்டியிருந்தான். படிக்கட்டு, தூண், தண்ணீர் எல்லாம் இருந்தன. மேனேஜர் மேடம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே. ஆபீஸ்ல எல்லாருக்கும் இதையே வச்சிருவோம்" என்றார்.

என் பெயருக்கு மேல் அவன் படமா? நானும் ஒன்று வரைகிறேன் மேடம், நல்லதை வைப்போம் என்று சொல்லிவிட்டேன். ஜல்லிக்கட்டுக் காளை. அவனுடையதைவிடப் பெரிது. அதோடு விட்டிருக்கலாம். ஃப்ளெக்ஸ் போர்டில் ஓர் அங்குலம்கூடச் சும்மா விடாத ஊர்க்காரன் அல்லவா, காளையின் வயிற்றுக்குள் பெயர், பதவி, போன் நம்பர், கிளை முகவரி எல்லாவற்றையும் தமிழில் அடைத்து, என் மெயிலுக்கெல்லாம் அடியில் போட்டு அனுப்ப ஆரம்பித்தேன். நம் எழுத்தில் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். என் கம்ப்யூட்டரில் முறைத்துக்கொண்டு நின்ற காளைக்கு, மேடத்தின் போனில் கொம்பு வால் பக்கம் போயிருந்தது.

"அண்ணே, மாடு படுத்துருச்சா?" என்று அவன் சிரிக்காமல் கேட்டான். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அந்த வாரமே ஒரு வாடிக்கையாளர் எனக்குப் போன் செய்தார். கண்பார்வை இல்லாதவர். மெயிலை அவருடைய போன்தான் வாசித்துச் சொல்லும்.

"உங்க ஆபீசு மெயிலத் தொறந்தா ஸ்லாஷ், ஸ்லாஷ், டாஷ்னு கத்திக்கிட்டே கெடக்குண்ணே. பேரு எது, நம்பரு எதுன்னு ஒண்ணும் புரியல."

மண்டபம் மாட்டிக்கொண்டது என்று எனக்கு அம்புட்டு சந்தோஷம். மேடத்தின் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு, "யாரு அனுப்புன மெயிலுண்ணே?" என்றேன்.

"ரெண்டு பேரு மெயிலும்தான். உங்களது இன்னும் மோசம். அது முடியுறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு."

மேடம் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. போனை வாங்கி, "மொதல்ல என்னண்ணே காதுல விழணும்?" என்று அவரிடமே கேட்டான். எனக்கு ஏன் அதைக் கேட்கத் தோன்றவில்லை?

மாலைக்குள் மாற்றிவிட்டான். பெயரும் நம்பரும் மேலே, தனித்தனி வரியில். அடுத்து, "இதற்குக் கீழே இருப்பது தெப்பக்குள மண்டபத்தின் படம் மட்டுமே" என்று ஒரு வரி. கேட்கிறவர் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கடைசியாக மண்டபம், எந்தப் போனிலும் மடங்காத அளவுக்குச் சின்னதாக. தூண்களைப் பாதியாகக் குறைத்தும் அது மண்டபமாகவே நின்றது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் முதல் ஆபீசில் எல்லாருக்கும் அதுதான். எனக்கும்.

போன வாரம் தேனிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், "அடியில் இருக்கும் மண்டபம் அருமை, நீங்கள் வரைந்ததா?" என்று எனக்கு எழுதியிருந்தார். இல்லை, எங்கள் ஆபீசில் ஒருவர் என்று பதில் போட்டேன். அவர் பெயர் என்ன என்று மறுபடியும் கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.