புரட்டாத எருக்குவியல்

கொதிக்கிற சூட்டில்தான் சுகமாக வாழும் நுண்ணுயிர்கள் சில உண்டு. மற்ற நொதிகள் வெந்து வீணாகும் சூட்டிலும் அவை சுரக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். அப்படி ஒன்றைப் பிடித்தால் எனக்கு டாக்டர் பட்டம். வெந்நீர் ஊற்றைத் தேடிப் போக எனக்கு வசதி ஏது? கள்ளக்குறிச்சியில் அறை எடுத்துக்கொண்டு எருக்குவியல்களைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

நைனார்பாளையத்தில் ஒரு குத்தகைக்காரர் சாணத்தோடு ஆலைக் கரும்புச் சக்கையைச் சேர்த்து ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார். அந்த வருஷ மரவள்ளிக்கு இருந்த ஒரே எரு அது. விளைச்சல் குறைந்தால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக நிலக்காரர் சொல்லியிருந்தார். குத்தகைக்காரர் வீட்டில் ஒரு வழக்கம். குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் செருகி வைப்பார்கள். காலையில் உருவி, பத்து எண்ணும்வரை பிடிக்க முடியாவிட்டால் அன்றே புரட்டிப்போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். எனக்கோ இன்னும் சூடு வேண்டும். சூட்டில் வாழும் ஒரு பூச்சியைத் தேடுகிறேன், திங்கட்கிழமை நான் வரும்வரை புரட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். படித்தவன் பேச்சாயிற்றே, சரி என்றார்.

அதற்குள் இடஒதுக்கீட்டுப் போராட்டம். ரோடு நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. ஒரு வாரம் அறையிலேயே கிடந்தேன். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டிப் போனவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நானும் போயிருக்கலாம். கிடக்கட்டும், நன்றாகச் சூடேறட்டும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சீ, அதெல்லாம் ஒரு சந்தோஷமா! பஸ் ஓடத் தொடங்கி இரண்டு நாள் கழித்துத்தான் போனேன்.

குவியல் தானாகவே தீப்பிடித்து எரிந்திருந்தது. ஓரத்தில் ஒரு முழம்தான் மிச்சம். அவர் மனைவி என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"தினிக்கும் நாந்தான் கம்பிய உருவிப் பாத்தேன். கை வெக்க முடியல. பொரட்டிடலாம்னேன். சாரு வரட்டும்னு ஒரே புடியா நின்னுக்கினு இருந்தாரு."

அவர் அவளை அடக்கினார். "ரோடு இல்லாம சாரு இன்னா பண்ணுவாரு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, வெட்கம் கெட்டவன், பையிலிருந்து குப்பியை எடுத்து அந்த மிச்ச ஓரத்தில் எரு அள்ளிக்கொண்டேன்.

தேடியது அந்தக் குப்பியிலேயே கிடைத்தது. பட்டமும் கிடைத்தது. ஆய்வேட்டில் அந்தக் கம்பியைப் பற்றி ஒரு வரி இல்லை.

மனசு கேட்காமல் மறு வருஷம் அவரைப் பார்க்கப் போனேன், உண்மையைச் சொல்லிவிடத்தான். விளைச்சல் பாதிகூடத் தேறாமல் நிலம் கைமாறியிருந்தது. அவர் கரும்பு வெட்டக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்.

"அந்தப் பூச்சி பொழச்சிக்கிச்சிங்களா, சாரு?"

பிழைத்துவிட்டது என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே திரும்பி மனைவியிடம் உரக்கச் சொன்னார், "பாத்தியா, வீணா பூடல."

சைக்கிள் சங்கதியை அன்றைக்கும் நான் சொல்லவில்லை.