துண்டில் ஒட்டாத மஞ்சள்

சாயப்பட்டறையில் அவனுக்கு மாம்பழம் என்று பேர். மஞ்சள் தொட்டியில் துணி முக்கி எடுக்கிற வேலை. கையுறை போட்டாலும் சாயம் முழங்கை வரை ஏறிவிடும்; வியர்வையைத் துடைத்தால் முகத்துக்கும் வந்துவிடும். சாயங்காலம் வாசற்படியில் உட்கார வைத்து மனைவி சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். வெள்ளைத் துண்டு மஞ்சளாகும்.

"தோலை உரிச்சிடாதடி, பழம் அழுகிடும்" என்பான்.

ஒருநாள் தொட்டியோரம் வலிப்பு வந்து விழுந்தான். மூளையில் நாடாப்புழுக் கட்டி என்றது ஸ்கேன். பூச்சி மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிடச் சொன்னார் டாக்டரம்மா.

"அபூர்வமா சிலருக்கு ஈரலைத் தாக்கும். அப்பப்ப ரத்தம் கொடுத்துப் பாக்கணும். வாந்தி வந்தாலோ, உடம்பு மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்திட்டு ஓடி வரணும்."

"நான் எப்பவுமே மஞ்சள்தான் டாக்டரம்மா!" டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

முதல் பரிசோதனையில் குறையில்லை. வலிப்பும் திரும்பவில்லை. வேலைக்குப் போனான். அடுத்த பரிசோதனைக்கு, "அதான் கல்லு மாதிரி இருக்கேனே" என்று போகவில்லை. மாத்திரையை மட்டும் அவள் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. சோறே பிடிக்கவில்லை என்று அவன் தட்டைத் தள்ளியபோதும், "ரெண்டு வாய் தின்னுட்டுப் போட்டுக்குங்க, என் சாமியில்ல" என்று கெஞ்சினாள். கண் மஞ்சளித்தது. சாயத்தண்ணி தெறித்திருக்கும் என்றான். அவளும் குளிர்ந்த நீரில் கண்ணைக் கழுவிவிட்டாள்.

அசதி தாளாமல் வேலைக்குப் போகாமல் கிடந்தவனை, ஒரு சாயங்காலம் வழக்கம்போல் உட்கார வைத்தாள். கழுத்தைத் தேய்த்தாள். சட்டை மூடுகிற வயிற்றைத் தேய்த்தாள். அங்கும் மஞ்சள். துண்டைப் பார்த்தாள், வெள்ளையாகவே இருந்தது.

"என்னடி, இன்னிக்குப் பழம் தோல் உரியலையா?"

துண்டைப் போட்டுவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரையை எப்பம்மா நிறுத்தினீங்க?"

"காலையிலகூட நான்தான் கொடுத்தேன்."

டாக்டரம்மா அவனை உடனே வார்டில் சேர்த்தார். அவன் அரைமயக்கத்தில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பக்கத்திலேயே நின்றவளை அடையாளம் தெரியவில்லை. பிறகு கூப்பிடுவதும் நின்றது, மூச்சும் நின்றது.

உடம்பைத் துடைக்க நர்ஸ் வெந்நீர் கொண்டுவந்தபோது, அவளே துண்டை வாங்கிக்கொண்டாள். முகம், மார்பு, வயிறு. தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"போதும்மா, சுத்தமாயிட்டாரு" என்று நர்ஸ் கையைப் பிடித்தாள்.

"இல்லக்கா, சாயம். இன்னும் கொஞ்சம் தேய்ச்சா போயிடும்."

கடைசியாக விரல்களைத் துடைத்தாள். நகக்கண்ணில் இருந்த சாயம் மட்டும் துண்டில் கொஞ்சம் ஒட்டியது.