என் வாசலில் ஒரு லண்டன் கூண்டு

இங்கிலாந்தின் பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை வாங்கி, கறள் சுரண்டி, பெயின்ற் அடித்து ஜெர்மனியில் விற்பவனுக்கு நாள் முழுக்க ஒரே வேலைதான்: இது வெறும் இரும்பு இல்லை என்று சத்தியம் பண்ணுவது. இப்படி ஒரு தொழில் உங்களுக்கும் வாய்த்திருந்தால் என் பாடு புரியும்.

பட்டறை, பீலெஃபெல்ட்டுக்குப் பக்கத்துச் சிற்றூரில். வாசலில் நிற்பது நான் முதன்முதலில் திருத்திய கூண்டு. கறுப்புத் தொலைபேசியோடு முழுசாக இருப்பது அது ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் உள்ளே வருவார்கள். நாலு கிழமைக்குள் அதை அகற்றும்படி நகரசபையிலிருந்து கடிதம் வந்தது.

அனுமதி

கடிதத்தோடு நகரசபைக்கு ஓடினேன். நடைபாதை ஓரம் அனுமதியில்லாமல் தொலைபேசி நிலையம் நடத்துகிறேன் என்றார் அதிகாரி. இணைப்பே இல்லை என்றேன். அப்படியானால் இயங்காத தொலைபேசி நிலையம், அது இன்னும் மோசம் என்றார். ஐயா, அது பாரம்பரியச் சின்னம் என்று கெஞ்சினேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"பாரம்பரியம் என்றால் அதற்குத் தனி அன்ட்ராக் நிரப்ப வேண்டும்."

சாறி

அந்தப் படிவத்தில், பொதுமக்கள் இதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்றொரு கேள்வி. நான் பேனையோடு விழித்துக்கொண்டிருந்தபோது பட்டறைக்கு ஒரு தமிழ் அக்கா வந்தார். மகளின் சாமத்திய வீட்டில், அதாவது பூப்புனித நீராட்டு விழாவில், பிள்ளை கூண்டுக்குள்ளிருந்து மண்டபத்துக்கு இறங்கி வரவேண்டுமாம். இதுவும் மதிப்புத்தானே என்று மகிழ்ந்தேன். ஆனால் கூண்டுக்கு ரோசா நிறம் அடிக்கவேண்டும் என்றார். சிவப்பை மாற்றினால் அதன் மரியாதையே போய்விடும் என்று அரைமணி நேரம் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஓம் அண்ணை, விளங்குது. ஆனா பிள்ளையின்ர சாறி ரோசா. சிவப்பு பக்கத்தில நிண்டால் படம் எடுபடாது."

நற்சான்று

எனக்குக் கூண்டு அனுப்பும் ஆங்கிலேயக் கிழவரை அழைத்தேன். வாசல் கூண்டு முன்பு நின்ற ஊரிலிருந்து, அதை மதித்தோம் என்று இரண்டு வரி வாங்கித் தரச் சொன்னேன். விசாரித்துவிட்டுத் திரும்ப அழைத்தார். அது போனதே அங்கே பலருக்குத் தெரியாதாம்.

"கடிதம் தருவார்கள். ஆனால் கூண்டைத் திருப்பி அனுப்பமாட்டேன் என்று முதலில் நீ எழுதித் தரவேண்டுமாம்."

முத்திரை

கெடு முடிய மூன்று நாள் இருந்தது. எதிர்வீட்டு ஜெர்மன் அம்மா, யாரும் எடுத்துப் படிக்கிற தெருப் புத்தக அலமாரி என்றால் அனுமதி சுலபம் என்று சொல்லி, தன் கேக் செய்முறைப் புத்தகங்களைக் கொண்டுவந்து கூண்டுக்குள் அடுக்கினார். அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அதற்குப் படிவமும் இருந்தது, முத்திரையும் கையிலேயே இருந்தது. ஒரே நிபந்தனை, புத்தகத் தட்டுப் பூட்ட, தொலைபேசி இருக்கிற இடம் வேண்டும்.

தொலைபேசியை நானே கழற்றினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது. அதிகாரி தோளில் தட்டினார்.

"கவலைப்படாதீர்கள். முக்கியமானதைக் காப்பாற்றிவிட்டோம்."

கூண்டு இன்றும் வாசலில்தான் நிற்கிறது, முன்பைவிட அதிகமாக ஆட்களும் உள்ளே வருகிறார்கள், வருகிற எல்லோரும் கேட்பது கேக் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தை.