எஸ்தர் சிஸ்டரின் மூன்று தட்டுகள்

செய்தி வந்தபோது நான் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாந்தியை நிறுத்தும் மாத்திரையில் நாங்கள் கேட்டதில் பாதிகூட வரவில்லை. மருந்து கொண்டுவந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார், நான் கத்திக்கொண்டிருக்கிறேன், கைப்பேசி அடிக்கிறது. எஸ்தர் சிஸ்டரின் கணவர் தேவராஜ். "சார், சிஸ்டர் போய்ட்டாங்க சார்" என்றார். வீட்டிலும் அவர் மனைவியை சிஸ்டர் என்றுதான் சொல்வார். நான் கைப்பேசியை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அந்த ஆளை மறுபடியும் திட்டத் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் போன பிறகுதான் காதில் விழுந்தது மண்டைக்குள் போனது. மறைத்து என்ன ஆகப்போகிறது, நான் அப்படிப்பட்டவன். இந்த அஞ்சலியும் அதைப் பற்றியதுதான்.

பொன்னேரியில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் எங்கள் சிறிய மருத்துவமனையில் நான் மருந்தாளுநர். சென்னையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் இடையிடையே ரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் எங்களிடம் வருவார்கள். அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவர் எஸ்தர் சிஸ்டர். உங்களில் பலர் அவருக்கு எதிரே அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், அல்லது உட்கார்ந்தவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். அவரைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. அவருக்கு நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பொன்னேரி கடைத்தெருவில் மூன்று எவர்சில்வர் தட்டுகள் வாங்கிவந்தார். சாப்பிடவா என்று கேட்டேன். சிரித்தார். மறுநாள் முதல் நோயாளியிடம், "பையைக் கொட்டுங்கம்மா" என்றார். அந்த அம்மாள் நடுங்கிவிட்டார். ஆஸ்பத்திரி மாத்திரை, அதனடியில் ஒளித்துவைத்த கஷாயப் பொடி, யாரோ கொடுத்த லேகியம், கோயில் விபூதி, எல்லாம் மேசைமேல் விழுந்தன. சிஸ்டர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, முகர்ந்து பார்த்து, எங்கே வாங்கினது, எத்தனை வேளை என்று கேட்டு, தட்டுகளில் பிரித்தார். முதல் தட்டுக்குப் பெயர் "கூட": சிகிச்சையோடு கூடவே இருக்கலாம். இரண்டாவது "பின்னாடி": சிகிச்சை முடிந்து, டாக்டர் சரி சொன்ன பிறகு பார்க்கலாம். மூன்றாவது "வேணாம்". பிரித்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, சென்னை டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கையில் கொடுப்பார். சந்தேகம் வந்தால் அவரே டாக்டருக்குப் பேசிவிட்டுத்தான் தட்டில் வைப்பார்.

இதில் அவருக்கு ஒரு விதி உண்டு. முதல் தட்டான கூடத் தட்டு காலியாக இருக்கக் கூடாது. பையில் இருப்பது அத்தனையும் கெடுதல் என்றாலும் ஒரு விபூதிப் பொட்டலமாவது, ஒரு துண்டு இஞ்சியாவது அதில் இருக்க வேண்டும். ஒன்றுமே தேறாவிட்டால், காலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று சீட்டில் எழுதி அந்தச் சீட்டைத் தட்டில் வைப்பார். இதென்ன வேடிக்கை என்று நான் கேலி செய்திருக்கிறேன். "எல்லாத்தையும் புடுங்கிக்கினு வெறுங்கையோட அனுப்பினா, அவங்க நேரா அந்த லேகியக்காரன் ஊட்டுக்குத்தான் சார் போவாங்க" என்பார்.

இந்தப் பாடத்தை அவர் கற்றது கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலை ஒன்றின் முதலுதவி அறையில். இருபது வருடம் அங்கே நர்ஸாக இருந்தார். சூப்பர்வைசருக்குப் பயந்து, வெந்த கையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஷிப்ட் முடிக்கிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் சீழ் வைத்த பிறகு வந்து நிற்பார்களாம். "திட்டு விழற எடத்துல யாரும் காயத்தைக் காட்ட மாட்டாங்க சார்" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்! நான் தலையாட்டுவேன். பிறகு கவுன்டருக்குப் போய் யாரையாவது திட்டுவேன்.

முனுசாமியை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல் பயிரிடுபவர், நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய ரத்த அணுக்கள் காரணம் தெரியாமல் இறங்கிக்கொண்டே போயின. பையைக் கொட்டினார், ஆஸ்பத்திரி மாத்திரை தவிர ஒன்றும் இல்லை. சிஸ்டர் எட்டிப் பார்த்து, "வெளியில உக்காந்துகினு இருக்கிற உன் சம்சாரம் மடியில இன்னா நைனா பை?" என்றார். அதில் ஒரு கட்டு நித்யகல்யாணி இலை. கால்வாய்க் கரையில் பறித்து, முனுசாமி தினமும் அரைத்துக் குடித்துவந்திருக்கிறார்.

"எனக்குப் போடற ஊசியே இந்தச் செடிலருந்து எடுக்கறதுதான்னு டாக்டரே சொன்னாரு யம்மா. ஊசி மூணு வாரத்துக்கு ஒருக்காதான் போடறாங்க. நடுவுல சும்மா இருப்பானேன்னு பாத்தேன்" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறக்குமுன் சிஸ்டர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

"யூரியா பயிருக்கு நல்லதுதானே நைனா?"

"ஆமா."

"நல்லதுன்னு மூட்டையோட கொட்டுவியா?"

"பயிரு கருகிப்பூடும்."

"ஆஸ்பத்திரில அளந்து போட்ட வயல்ல, நீ நடுவுல மூட்டையைக் கொட்டினு இருக்கே."

முனுசாமி இலைக்கட்டைத் தானே எடுத்து மூன்றாவது தட்டில் வைத்தார். அவருடைய வயிற்றுப் புரட்டலுக்கு இஞ்சியும், விடியற்காலையில் வரப்பில் மெதுவான நடையும் கூடத் தட்டுக்குப் போயின. அவர் இன்று நன்றாக இருக்கிறார். சிஸ்டரை அடக்கம் செய்த அன்று மழையில் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். "அந்தம்மாவுக்கு யாரு சார் தட்டு வெச்சாங்க?" என்று என்னைக் கேட்டார். 

புதுவாயலில் இருந்து வந்த செல்வியின் கதை வேறு. உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, மார்பில் கட்டி, இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டு யாரோ கொடுத்த கறுப்புக் களிம்பைப் பூசிக்கொண்டு வந்தார். அன்று சிஸ்டர் விடுப்பு. நான்தான் பேசினேன். பேசினேன் என்பதைவிடக் குரைத்தேன் என்று சொல்லலாம், வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு செல்வி வரவில்லை. சிஸ்டர் ஷேர் ஆட்டோ பிடித்து மூன்று முறை அவர் வீட்டுக்குப் போனார், மூன்று முறையும் கதவு திறக்கவில்லை. நான்காம் முறை போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. திரும்பி வந்து அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இனி நான் எழுத வேண்டியது.

மாசி மாதத்தில் ஒரு மதியம், நோயாளிகள் எல்லாரும் போன பிறகு, சிஸ்டர் ஒரு மஞ்சள் பையோடு என் கவுன்டருக்கு வந்தார். துணிக்கடைப் பை. ஒரு காது அறுந்துபோய் கட்டுத்துணியால் முடிச்சுப் போட்டிருந்தது. கையிடுக்கில் மூன்று தட்டுகள். "ஒரு பேஷன்ட் சார். கூச்சப்படுது, வரமாட்டேங்குது. பையை மட்டும் நான் எடுத்தாந்தேன். நீங்க பிரிங்களேன்" என்றார். என்றைக்கும் என்னைப் பிரிக்கச் சொன்னவர் இல்லை. எனக்குப் பசி நேரம். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். முள்சீத்தா இலைப் பொடி, பெயர் ஒட்டாத புட்டியில் கறுப்பு லேகியம், ஊர் பேர் தெரியாத மாத்திரை உருண்டைகள், கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஜெப எண்ணெய்ச் சீசா.

"கட்டி எத்தினி நாளா இருக்குதாம்?" என்றேன்.

"தீபாவளிக்கு முன்னாலருந்து சார்."

"டாக்டரைப் பாத்துச்சா?"

"பயப்படுது."

"படிச்சவங்களா, படிக்காதவங்களா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "படிச்சதுதான் சார்" என்றார்.

"அப்ப திமிரு. அறிவு கெட்ட பொம்பளை. எண்ணெயைத் தடவினா கட்டி கரைஞ்சிடுமா? எல்லாத்தையும் வாரிக்கினு போய் ஏரியில கொட்டச் சொல்லுங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. இல்லன்னா சாகச் சொல்லுங்க."

அத்தனையையும் ஒரே தட்டில் தள்ளினேன், சீசா உட்பட. சிஸ்டர் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கூடத் தட்டுல ஒண்ணுமே இல்லியே சார்" என்றார். "ஒண்ணும் கிடையாது" என்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி சார். சொல்லிடறேன்" என்று போனார். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். அந்தப் பேஷன்ட் என்ன ஆனாள் என்று பிறகு ஒருநாள்கூட நான் கேட்கவில்லை.

ஆடியில் சிஸ்டர் வேலையிலேயே மயங்கி விழுந்தார். புற்றுநோய் எலும்புக்கும் ஈரலுக்கும் போயிருந்தது. கும்மிடிப்பூண்டியில் அவர் வீட்டுக்குப் போனபோது, தேவராஜ் நாற்காலி போட்டுவிட்டு டீ வைக்க உள்ளே போனார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து எனக்கு வந்தது கோபம்தான், வேறென்ன வரும் எனக்கு. "ஏன் சிஸ்டர், ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொன்னேனே சார்" என்றார். "பையைக் கொட்டினேனே."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் சுவரைக் காட்டினார். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்த மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருந்தது, அதே கட்டுத்துணி முடிச்சோடு.

"எத்தினி பேரைக் கொட்ட வெச்சேன். என் பையைக் கொட்ட எனக்குக் கை வரல சார். அதான் பேஷன்ட்னு சொன்னேன்" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "ஒண்ணும் தெரியாதவங்களுக்கு ஒரு தைரியம் இருக்குது. நான் ஒம்போது வருசமா பாத்துப் பாத்து பயந்துகினே இருந்துட்டேன். நீங்க கொஞ்சம் மெதுவா சொல்லுவீங்கன்னு நெனைச்சேன். உங்களைச் சொல்லி இன்னா இருக்குது, நீங்க சொன்னது நியாயம்தானே. டாக்டர்கிட்ட போகத்தானே சொன்னீங்க."

ஆமாம், அதைத்தான் சொன்னேன். மருந்தைப் பொறுத்தவரை நான் அன்று சொன்ன ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மாசியிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று சென்னை டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஒருவேளை இன்னும் இரண்டு வருடம் கிடைத்திருக்கலாம், ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று திட்டமாகச் சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பிழைத்திருப்பார் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். இரண்டும் இல்லாமல் நான் தினமும் மீஞ்சூரில் ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்குகிறேன், கவுன்டரில் நிற்கிறேன், வீட்டுக்குப் போகிறேன். பச்சை நாற்காலிக்கு எதிரே இன்னும் ஆள் போடவில்லை. வருகிறவர்கள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள். அவர்கள் மறைப்பது எனக்குத் தெரிகிறது. கேட்க வாயெடுக்கிறேன், என் குரல் எனக்கே பயமாக இருக்கிறது.

நினைவு ஜெபக்கூட்டம் முடிந்த மறுநாள் தேவராஜ் மருத்துவமனைக்கு வந்தார். கையில் அந்தப் பை. "வீட்டுல வெச்சிக்க முடியல சார். தூக்கிப் போடவும் மனசு வரல. சிஸ்டர் செய்யற மாதிரி நீங்களே பிரிச்சிடுங்க" என்றார். பச்சை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் சிஸ்டரின் அலமாரியைத் திறந்து மூன்று தட்டுகளையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். பையைக் கவிழ்க்காமல் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பொடி, வேணாம். லேகியம், வேணாம். உருண்டைகள், வேணாம். தேவராஜ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியாகக் கைக்கு வந்தது எண்ணெய்ச் சீசா. பாதி தீர்ந்திருந்தது. தேவராஜ் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணிக் குடுத்தது சார். ராத்திரியில நெத்தியில மட்டும் தடவுவேன், கொஞ்சம் தூங்குவாங்க. இது கூட இருக்கலாமா சார்?"

"இருக்கலாம்" என்றேன். கூடத் தட்டில் வைத்தேன்.

அவர் அழுதார். பையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். தட்டுகளும் சீசாவும் என்னிடம்தான் இருக்கின்றன. சிஸ்டரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மாசி மாதத்தில் அந்த மதியம், பசியோடு இருந்த ஒரு மனிதன், கட்டைவிரல் உயரச் சீசாவை ஒரு தட்டிலிருந்து எடுத்துப் பக்கத்துத் தட்டில் வைத்து "இருக்கலாம் சிஸ்டர்" என்று சொல்லியிருக்க வேண்டும். எதிரே நின்றவர் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்.