இராசமலர் ரீச்சர் கீறிய பதினான்கு படங்கள்

லிங்கநகர் இராசமலர் ரீச்சரிடம் படித்த பிள்ளை என்றால் அவரிடம் ஒரு பரிசாவது வாங்கியிருக்கும். பரிசு என்றதும் பளபளப்புத் தாள் சுற்றிய கடைச் சாமானை நினைத்துவிட வேண்டாம். கிழிந்த யன்னல் சீலையில் தைத்த பென்சில் பை, பழைய கலண்டர் மட்டையில் வெட்டிய புத்தக அடையாளம், சிரட்டையைத் தேய்த்துச் செய்த பொத்தான், இப்படித்தான் இருக்கும். கடையில் சாமான் குவிந்து கிடந்த காலத்திலும் அவர் இதைத்தான் செய்தார். யுத்தம் வந்து கடைகள் வெறுமையானபோது, ஊரே தன் வழிக்கு வந்துவிட்டதாக அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"உம்மட பரிசுக்குப் பயந்து வீட்டில ஒரு தலையணை உறை மிஞ்சுதில்ல," என்பார் கணவர் குலசிங்கம். அவர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், லிகிதர்.

"தலை இருக்குத்தானே, வைச்சுப் படுங்கோ," என்பார் ரீச்சர்.

நான் சொல்ல வருவது தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது. கச்சான் காற்று புழுதியோடு அடித்து, கிணற்று வாளி தரை தட்டும் மாதம். அந்த வெக்கையில் ரீச்சர் வீட்டில் நாளுக்கு ஒரு தரம்தான் அடுப்பு எரியும். விடிய நாலரைக்கு எழும்பிச் சோறு, ஒரு சொதி, ஒரு கீரை, சூடைமீன் கிடைத்தால் பொரியல். ஆறு மணிக்குக் குசினிக் கதவைச் சாத்தினால் பிறகு அடுத்த நாள்தான். காலையில் முதல் நாள் மிஞ்சிய தண்ணீர்ச் சோற்றுக்குச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இருவரும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். இதைவிடச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று ரீச்சர் கேட்பார். குலசிங்கத்திடம் அதற்கு நீண்ட பட்டியல் இருந்தது, ஆனால் வாய் திறக்கமாட்டார்.

ரீச்சர் படிப்பித்தது சாம்பல்தீவில், ஐந்தாம் வகுப்பு. அந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பதினான்கு பிள்ளைகள். பரீட்சை நாளில் ஆளுக்கொரு பென்சில் பை கொடுப்பது அவருடைய வழக்கம். அதற்குள் சீவிய பென்சில், பாதி அழிறப்பர். கூடவே ஒரு பொட்டலத்தில் நாலு எள்ளுருண்டை, ஏனென்றால் பாதிப் பிள்ளைகள் வெறுந்தேத்தண்ணியோடுதான் வருவார்கள்.

முதல் நாள் பின்னேரம் வேப்பமர நிழலில் பாயைப் போட்டுப் பொட்டலம் கட்டினார்கள். பத்திரிகைத் தாளில் சுற்றினால் மை ஒட்டும் என்று ரீச்சர் அதை ஒதுக்கிவிட்டார். வீட்டில் வெள்ளைத் தாள் என்று இருந்தது ஒன்றுதான். 'எங்கள் ஊர்' என்ற பாடத்துக்குப் பிள்ளைகள் கீறிய வரைபடங்கள். எண்ணிப் பார்த்தால் சரியாகப் பதினான்கு! எழுதாத பக்கத்தை உள்ளே வைத்து ரீச்சர் சுற்ற, குலசிங்கம் நூல் கட்டினார். "நல்ல வடிவாக் கீறியிருக்குதுகள்," என்று இரண்டொன்றைத் தூக்கிப் பார்க்கவும் செய்தார்.

படித்த மனிசன், படித்த மனிசி. இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. கிணறு, கோயில், பள்ளிக்கூடம், இராணுவ முகாம், கடை. அந்தப் படங்களில் இருந்தவை இவைதான். பத்து வயதுப் பிள்ளைக்குக் கிணறு எப்படியோ முகாமும் அப்படி. பிறந்த நாள் தொட்டு அங்கேயே நிற்கிறது. ரீச்சருக்கும் குலசிங்கத்துக்கும்கூட அது பழகிப்போயிருந்தது.

அடுத்த நாள் காலை ரீச்சர் சாம்பல்தீவுக்குப் போகும் வழியில், சோதனைச்சாவடியில் பயணிகள் எல்லோரும் பஸ்ஸால் இறங்கிப் பைகளைத் திறந்து காட்டினார்கள். சிப்பாய் ஒருவன் ஒரு பொட்டலத்தை அவிழ்த்தான். எள்ளுருண்டையை மேசையில் வைத்துவிட்டுத் தாளை விரித்தான். அடுத்ததையும் விரித்தான். மூன்றாவதை விரித்ததும் உள்ளே ஓடினான்.

வந்த அதிகாரி இளவயது ஆள். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். பதினான்கு தாள்களும் மேசையில் வரிசையாக விரிந்தன. அத்தனையிலும் முகாம், காவற்கோபுரம், வாசலில் துவக்கோடு ஆள்.

"டீச்சர், கேம்ப் ஏன் கீறினது?"

அப்போதுதான் ரீச்சருக்கு விளங்கியது. எதிரிக்குக் கொண்டுபோகிற முகாம் வரைபடம் என்றுதான் இவர்கள் நினைப்பார்கள். "அது அங்க இருக்குத்தானே, சேர்," என்றார். "ஊரில இருக்கிறதை எல்லாம் கீறச் சொன்னனான். சின்னப் பிள்ளையள்."

அதிகாரி தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பு மையில் ரீச்சர் பத்துக்கு இவ்வளவு என்று போட்ட புள்ளிகளைப் பார்த்தார். கடைசியில் எள்ளுருண்டைகளையும் பென்சில் பைகளையும் ரீச்சர் பக்கம் தள்ளிவிட்டார். "நீங்க போ. பேப்பர் இங்க இருக்கட்டும்."

பஸ் அந்தப் பக்கம் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. பரீட்சைக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம். ரீச்சர் எல்லாவற்றையும் வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு நாலடி நடந்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். அதிகாரி ஒரு கொப்பியைத் திறந்து, படங்களின் மேல் மூலையைப் பார்த்து எழுதத் தொடங்கியிருந்தார். அந்த மூலையில் பிள்ளைகளின் பெயர் இருந்தது. முதற்பெயரோடு, தகப்பன் பெயரோடு, ரீச்சர் பழக்கிய உருண்டைக் கையெழுத்தில்.

முகாம் கொப்பியில் ஏறிய பெயர் எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்று அந்த நாட்களில் யாராலும் சொல்ல ஏலாது. பிள்ளையைத் தேடி வராவிட்டால் தகப்பனைத் தேடி வரும், தமையனைத் தேடி வரும்.  பஸ் போனால் போகட்டும் என்று ரீச்சர் திரும்பி வந்தார்.

"சேர், நான் சொன்னது பொய். இதெல்லாம் நான் கீறினது."

அதிகாரி நிமிர்ந்தார். ரீச்சர் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, முதல் தாளின் மூலையில் இருந்த பெயரை எழுத்தே தெரியாதபடி வெட்டினார். பக்கத்தில் தன் முழுப்பெயர், லிங்கநகர் முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் எழுதினார். அடுத்த தாள். அதற்கடுத்தது. எழுத்துக் கோணவில்லை. சிப்பாய் தடுக்க வந்தான். அதிகாரி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். பஸ் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது.

பதினான்கும் முடிந்ததும் அதிகாரி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கோணேஸ் என்ற பையன் கீறியது. கிழக்கில் இருக்கிற கடலைக் கொண்டுபோய் மேற்கில் வைத்திருந்தான்.

"இது டீச்சர் கீறினதா?"

"ஓம், சேர்."

"டீச்சருக்கு டீச்சரே நாலு மார்க்ஸ் போட்டதா?"

"ஓம், சேர். பிழையாக் கீறிப்போட்டன்."

அவர் சிரித்தாரா என்று பிறகு குலசிங்கம் பலமுறை கேட்டிருக்கிறார். சிரிக்கவில்லை. கொப்பியில் எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்தார், கசக்கிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். படங்களை அடுக்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். "போங்க, டீச்சர்," என்றார்.

வெயிலில் ஒரு மைல் ஓட்டமும் நடையுமாக ரீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. பதினான்கு பேரும் வாசலில் வாடிப்போய் நின்றார்கள். பென்சில் பைகள் கைமாறின. எள்ளுருண்டையைத் தாள் இல்லாமலேயே உள்ளங்கையில் வாங்கி, மென்றுகொண்டே உள்ளே ஓடினார்கள். ரீச்சர் படியில் குந்தி அழுதுவிட்டார்.

பின்னேரம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். குலசிங்கம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அட்ரஸும் போட்டனீரோ?"

"ஓம்."

ஏச்சு விழும் என்று ரீச்சர் காத்திருந்தார். அவர் எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தார். ஒரு துணிப்பைக்குள் ரீச்சரின் நீலப் பருத்திச் சேலையை மடித்து வைத்தார். அதற்கு மேல் தன்னுடைய ஒரே நல்ல வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் வைத்தார்.

"உங்கட உடுப்பு என்னத்துக்கு?"

"அவங்கள் வந்தால் உம்மைத் தனிய விடுறதோ? உமக்குச் சிங்களமும் வராது."

பையைக் கதவு மூலையில் வைத்தார். அன்றிலிருந்து வாசல் படலையடியில் வாகனச் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். வாகனம் கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து கதைப்பார்கள்.

அந்த வீட்டுக்கும் யாரும் வரவில்லை, எந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் போகவில்லை. மழை தொடங்கும் காலத்தில் பெறுபேறு வந்தது. பதினான்கில் ஒன்பது பேர் சித்தியடைந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்து, ரீச்சரையும் கணவரையும் முன் கதிரைக்கு அழைத்தார்கள். அன்று காலை குலசிங்கம் அலுமாரியைக் கிளறினார்.

"இஞ்சேரும், என்ர வெள்ளைச் சட்டை எங்க?"

"பைக்குள்ள."

இருவரும் கதவு மூலையைப் பார்த்தார்கள். இத்தனை நாள் வராதவர்கள் இனி வரமாட்டார்கள் என்று யார் எழுதிக் கொடுத்தது? குலசிங்கம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எடுக்கட்டோ?"

ரீச்சர் கொஞ்சம் யோசித்தார். "எடுங்கோ," என்றார். "என்ர சேலையையும் எடுங்கோ. அதைத்தான் உடுக்கப்போறன்."

வெறும் பையை உதறி ஆணியில் கொழுவினார் குலசிங்கம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் இருவரும் அந்த மடிப்புக் கசங்கலோடேயே பாராட்டு விழாவுக்குப் போனார்கள்.