ராத்தாவின் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர்

எங்கள் ஊரில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாமார் பிள்ளையின் காதில் பாங்கு சொல்லி முடித்த கையோடு காணி தேடத் தொடங்கிவிடுவார்கள். சாய்ந்தமருதில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கிற நிலம் கொஞ்சம்தான். அதற்குள் மகளுக்கொரு வளவு வாங்கி, வளவுக்குள் ஒரு வீடு கட்ட வேண்டும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். பெற்றவர்கள் அடுத்த மகளுக்கு அத்திவாரம் வெட்டுவார்கள்.

எங்கள் வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். ராத்தாவுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டு பேரை அல்லாஹ் சிறுவயதிலேயே எடுத்துக்கொண்டான். நாங்கள் இருந்தது உம்மாவின் சீதன வீடு. மண் சுவர், சமைக்க ஓர் ஓலைக் குசினி. அது பின்னாளில் எனக்கு என்றும், பெரிய வீதிக்கு இரண்டு வளவு தள்ளி எழும்பிக்கொண்டிருந்த கல்வீடு ராத்தாவுக்கு என்றும் பேச்சு. நான் இதைப் பெரிய அநியாயமாக நினைத்திருந்தேன்.

இறக்காமத்துப் பக்கம் வாப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. கல்வீடு அந்த வயலைப் பார்த்துத்தான் வளர்ந்தது. ஒரு போகத்துக்கு அத்திவாரம். அடுத்த போகத்தில் ஜன்னல் மட்டம். அதற்கடுத்த போகத்தில் யானை இறங்கிப் பாதி வயலை மிதித்துவிட்டுப் போனதால் வீடு ஜன்னல் மட்டத்திலேயே ஒரு வருடம் நின்றது. எண்பதுகளின் தொடக்கத்தில், நான் சொல்லப்போகிற காலத்தில், சுவர் முகட்டு மட்டத்துக்கு வந்து சீமெந்தும் பூசியாகிவிட்டது. கூரை மட்டும் மிச்சம். பூச்சு இறுகும்வரை காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்று மேசன் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு. ராத்தாவின் வீட்டுக்கு நான் ஏன் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிணற்றில் வாளியை இறக்குவேன்.

அந்த நேரத்தில்தான் ராத்தாவுக்குக் கம்பஸ் கிடைத்த கடிதம் வந்தது. கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஆண்பிள்ளைகளுக்கே அது கிடைத்ததில்லை. வாப்பா கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டு, மடித்து, குர்ஆன் வைக்கிற மாடத்தில் வைத்தார். மாத முடிவுக்குள் வருகிறாளா இல்லையா என்று எழுதிப் போட வேண்டும்.

அதே கிழமை தரகரும் வந்தார். மாப்பிள்ளைக்கு அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். மார்க்கப் பற்றுள்ள குடும்பம். அவர்களுக்குக் கம்பஸ் படித்த பெண் தேவையில்லை; ஓடு போட்ட வீடு இருந்தால் போதும், ஹஜ்ஜுப் பெருநாள் கழிய நிக்காஹ் வைக்கலாம் என்றார். வரப்போகிற போகம் ஓட்டுக்குப் போதும், அல்லது ராத்தாவின் படிப்புக்குப் போதும். இரண்டுக்கும் போதாது.

அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. வாப்பா யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தார். முதல் வருடம்தான் ஹொஸ்டல், பிறகு வெளியே அறை எடுக்க வேண்டும், கண்டியில் அறை வாடகை கேட்டால் தலை சுற்றும் என்று சொல்லியிருந்தார்கள். உம்மாவுக்கு இந்த வாடகைதான் பொறுக்கவில்லை.

"வீடு கட்ட வெச்ச காச ஊரான்ட அறைக்குக் குடுக்கிறதா? வாடகைக்குக் குடுக்கிற காசு நம்மட சுவரிலயா ஒட்டும்?" என்று கேட்டார்.

உம்மாவின் காக்கா, எங்கள் மாமா, ஒரு வழி கொண்டுவந்தார். அவர் வந்தால் எப்போதும் ஒரு வழியோடுதான் வருவார். "மச்சான், இந்த வளவ வித்துப்போட்டு உங்கட வயல் பக்கம் வரிப்பத்தான்சேனையில வாங்குங்க. இஞ்ச ஒரு அறை கட்டுற காசில அங்க முழு வீடும் கட்டலாம். மிச்சத்தில புள்ளையப் படிப்பிக்கவும் செய்யலாம்."

"ஓம் காக்கா, கட்டலாம்தான்," என்றார் உம்மா. "ஆனைதான் வந்து பொண்ணு பாக்கும்."

மாமா தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். கந்தோர் மாப்பிள்ளை பெரிய வீதியை விட்டு உள்ளே வரமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ராத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. அவள் கடிதம் இருக்கிற மாடத்தை மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு முறை தூசி தட்டினாள். வாப்பா முடிவெடுக்க முடியாமல் இஸ்திகாரா தொழத் தொடங்கினார். எது நல்லதோ அதைக் காட்டித் தா என்று அல்லாஹ்விடம் கேட்கிற தொழுகை அது. ஆறு நாள் தொழுதார். காலையில் எழும்பியதும் உம்மா அவருடைய முகத்தைப் பார்ப்பார். வாப்பா இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வயலுக்குப் போய்விடுவார்.

ஆறாம் நாள் மஃரிபுத் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு நான் பாயில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தேன். வாப்பா உம்மாவிடம் மெதுவாகக் கதைத்தார்.

"பெரியவள் படிக்கப் போறதெண்டா, அந்த வீடு சின்னவளுக்கு இரிக்கட்டும். அவளுக்கு வயசு வரக்குள்ள ஓடு போட்டுக்கொள்ளலாம்."

"அப்ப பெரியவளுக்கு?"

வாப்பா விளக்கின் திரியைத் தணித்தார். பிறகு, "அவளுக்கு அல்லாஹ் இரிக்கான்," என்றார்.

கல்வீடு எனக்கு! அந்தச் சந்தோசத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக அதை ராத்தாவிடம் சொன்னேன். பொறாமையில் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மாவைக் குழைத்த கையோடு அப்படியே நின்றாள்.

"வாப்பா சொன்னத இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் மறுபடியும் மாவைக் குழைக்கத் தொடங்கினாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, நான் என் வீட்டுச் சுவருக்கு முழு மனதோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு வீணாகவில்லை. அப்போது இரண்டு பெண்கள் வளவுக்குள் வந்தார்கள். ஒருவர் கையில் கறுப்புக் குடை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்ணைப் பார்க்க முதல் வீட்டைப் பார்ப்பார்கள். சொல்லிவிட்டு வரமாட்டார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்ததுபோல வருவார்கள். அப்படித்தான் இவர்களும் வந்தார்கள்.

குடைக்காரப் பெண் நிலைக்கதவில் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். மற்றவர் ஜன்னலுக்கு ஜன்னல் போய் எந்தப் பக்கம் காற்று வருகிறது என்று நின்று பார்த்தார். பிறகு என் வாளியை வாங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். "தண்ணி நல்லம்," என்றார். எங்கள் ஊரில் ஒரு வளவுக் கிணறு இனிக்கும், அடுத்த வளவுக் கிணறு கரிக்கும். என் கிணறு இனிக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

"இது உன்ட ராத்தாட வீடா மனே?" என்று கேட்டார் குடைக்காரர்.

"இல்ல மாமி, இது எனக்கு. ராத்தா கம்பஸுக்குப் போறா. கடிதம் வந்திரிக்கி."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப ராத்தாக்கு?"

"அவவுக்கு அல்லாஹ் இரிக்கான்."

அல்லாஹ் இருப்பதை எப்படி மறுப்பது? குடையை விரித்தார்கள், போனார்கள்.

மஃரிபுக்கு முன்னமே தரகர் சைக்கிளில் வந்துவிட்டார். வாசலில் கால் ஊன்றியபடியே, அவர்கள் வேறு இடம் பார்க்கிறார்களாம் என்றார். என்ன நடந்தது என்று உம்மாவுக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. முதுகில் இரண்டு விழுந்தது. சீமெந்துத் தண்ணீர் தெறித்துக் கெட்டுப்போயிருந்த என் பெருநாள் சட்டையைப் பார்த்ததும் மூன்றாவதும் விழுந்தது. "சட்டையும் போச்சி, சம்பந்தமும் போச்சி," என்று உம்மா குசினிக்குள் போய் இருந்து அழுதார்.

வாப்பா பள்ளியிலிருந்து வந்து என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"மகள், நீ சொன்னத சொன்ன மாதிரியே சொல்லு."

விக்கி விக்கிச் சொன்னேன். கடைசி வசனத்துக்கு வந்ததும் வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய சொல்லே அவரிடம் திரும்பி வந்திருந்தது. கதவுக்குப் பின்னால் ராத்தா நின்றாள். அவளுடைய கால் விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

"நான் தொழுது கேட்டுக்கொண்டிருந்தேன்," என்று வாப்பா உம்மாவுக்குக் கேட்கச் சத்தமாகச் சொன்னார். "அல்லாஹ் பதில இவள்ட வாயில வெச்சி அனுப்பிட்டான். இனி அழுறதில வேலையில்ல."

அடுத்த நாள் காலையில் பதில் கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் போனார். தபாற்பெட்டிக்குள் போட்டுவிட்டு, விழுந்ததா என்று பெட்டியைத் தட்டியும் பார்த்தாராம்.

அந்தப் போகம் கண்டிக்குப் போனது. அதற்கடுத்த போகங்களும் போயின. கல்வீடு வானத்தைப் பார்த்தபடி நின்றது. மழையில் சுவரெல்லாம் பாசி பிடித்தது. நடு அறையில் ஒரு பப்பாசி தானாக முளைத்துக் காய்த்தது. உம்மா அதைக் காய்க்குக் காய் பறித்துச் சமைத்துக்கொண்டே, கம்பஸுக்குப் போன வீடு இது என்று சொல்லிச் சிரிக்கவும் பழகிவிட்டார். ராத்தா படித்து முடித்து ஆசிரியையாகி, முதல் வருடச் சம்பளத்தில் என் வீட்டுக்கு ஓடு போட்டாள். பப்பாசியை வெட்டிய அன்று உம்மாதான் கவலைப்பட்டார். ராத்தாவை நிக்காஹ் செய்தவரும் ஓர் ஆசிரியர். அவர் தன் பெட்டியோடு உம்மாவின் மண் வீட்டுக்கே வந்தார். பிறகு இரண்டு பேருமாக அந்த இடத்தில் கல்லால் கட்டிக்கொண்டார்கள். எனக்குப் படிப்பு ஏறவில்லை. பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் என் கிணறு இன்றைக்கும் இனிக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லை.

வாப்பா மவுத்தாகும்வரை வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார். தொழுகைக்குப் பதில் ஒரு சின்னப் பிள்ளையின் வாயால் வந்தது என்பார். நான் அதில் சந்தேகப்பட்டதில்லை. இப்போதும் இல்லை. அல்லாஹ் தன் வேலையை மனிதரின் கையால்தானே செய்கிறான்.

ஆனால் அந்தப் பெண்கள் வீடு பார்க்க வந்த அன்று மத்தியானம் ராத்தா மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். யார் எப்போது வீடு பார்க்க வருவார்கள் என்பது வரை, தரகர் எந்தச் செய்தியையும் முதலில் சொல்வது எங்கள் மாமியிடம்தான். திரும்பி வந்தவள் கையோடு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வார்த்தாள். தலை சீவி ரிப்பன் கட்டினாள். பெட்டியைத் திறந்து பெருநாள் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டாள்.

"ஆரும் கேட்டா உள்ளதச் சொல்லு மனே. பொய் சொன்னாப் பாவம்," என்று சொல்லி வாளியைக் கையில் தந்தாள்.

நான் துள்ளிக்கொண்டு போனேன். சுவருக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவளுக்குப் பெருநாள் சட்டை எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.